ஒரே கச்சானுக்கு இரண்டு லொறிக் கூலி: வன்னியில் சிறு உணவுத் தொழில் விலையேற்றத்தைத் தாங்குவது எப்படி

2022 சித்திரையில் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 4,860 ரூபாயானது. நான்கு பெண்களாக முறுக்கும் கச்சான் (நிலக்கடலை) அல்வாவும் கறித்தூளும் செய்து, கிளிநொச்சியில் ஒரு சிறு தொழிலை ஓட்டிக்கொண்டிருந்தோம். அந்த ஆண்டு ஆனி மாத இறுதியில் டீசல் லீற்றர் 460 ரூபாய். புரட்டாதியில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. தொழில் படுத்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படியே நினைத்தேன்.

படுக்காததற்குக் காரணம் ஒரு சாக்கு. கடையில் வாங்கிய கச்சான் சாக்கைப் பிரித்தபோது உள்ளே ஒரு துண்டுச் சீட்டு கிடந்தது. ஒட்டுசுட்டான் பக்கத்து வியாபாரி ஒருவரின் எடைச் சீட்டு அது. எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணிநேரப் பயணத்தில் விளைந்த கச்சான், லொறியேறித் தெற்கே போய், மொத்தக் கடையில் கிடந்து, மறுபடி லொறியேறி ஏ9 வீதி வழியாக வந்து என் வாசலில் இறங்கியிருக்கிறது. போன கூலி, வந்த கூலி, இடையில் இருந்த இரண்டு பேரின் இலாபம் எல்லாவற்றையும் நான்தான் கொடுத்திருக்கிறேன். டீசல் விலை ஏறும்போது அந்தப் பொருளின் விலை இரண்டு தரம் ஏறுகிறது.

வன்னியில் சிறு உணவுத் தொழில் செய்பவருக்கு விலையேற்றம் இப்படித்தான் வந்து சேர்கிறது. உலகச் சந்தையையோ டொலரையோ நாம் அசைக்க முடியாது. ஒரு பொருள் எத்தனை தரம் வீதியில் ஏறி இறங்குகிறது என்பதைக் குறைக்க முடியும். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். முதலாவதைத் தாண்டிவிட்டு ஐந்தாவதைச் செய்தவர்களை எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்கிறேன்.

முதலாம் படி: ஒரு பொதியின் உண்மையான விலையை எழுதுங்கள்

எண்பது பக்கக் கொப்பி ஒன்று போதும். செய்யும் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். இடப்பக்கத்தில் ஒரு தடவை செய்ய என்ன போனது, வலப்பக்கத்தில் விற்கக்கூடியதாக என்ன வந்தது. நினைவிலிருந்து எழுதக் கூடாது. தராசை வைத்துக்கொண்டு, செய்யும் நாளிலேயே எழுத வேண்டும்.

முறுக்கை எடுத்துக்கொள்வோம். விலைகள் மாதிரிக்குத்தான், உங்கள் ஊர் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். அரிசிமா 3.5 கிலோ, கிலோ 280 ரூபாய்ப்படி 980. உழுத்தம்மா 1.5 கிலோ, 1,200 ரூபாய்ப்படி 1,800. மா குடித்ததும் கடைசியில் ஊற்றியதுமாக எண்ணெய் 2 லீற்றர், 900 ரூபாய்ப்படி 1,800. எள்ளு, சீரகம், மிளகாய்த்தூள், உப்பு 400. கூட்டினால் 4,980 ரூபாய். ஏறத்தாழ 6 கிலோ முறுக்கு வரும், 200 கிராம் பொதியாக 30.

பெரும்பாலானவர்கள் இத்துடன் கொப்பியை மூடிவிடுகிறார்கள். 4,980 ஐ 30 ஆல் பிரித்தால் 166. கடைக்கு 300 ரூபாய்க்குக் கொடுக்கிறோம், பொதிக்கு 134 ரூபாய் இலாபம் என்று மனம் குளிர்ந்துபோகிறது. ஆனால் மாத முடிவில் கையில் காசு இருப்பதில்லை. அந்தக் காசு எங்கே போனது என்று வீட்டில் சண்டை வருகிறது.

மிச்சத்தையும் எழுதுவோம். அடுப்புச் செலவு 450. இரண்டு பேர் அரை நாள் வேலை, ஆளுக்கு 1,200 வீதம் 2,400. பையும் லேபிளும் பொதிக்கு 15 வீதம் 450. மின்சாரம், உரல் அச்சுத் தேய்மானம், வாடகைப் பங்கு 300. மொத்தம் 8,580. நொருங்கியது, கருகியது, வந்தவர்களுக்கு ருசி பார்க்கக் கொடுத்தது போக 28 பொதிதான் விற்கும். 8,580 ஐ 28 ஆல் பிரித்தால் 306 ரூபாய். மோட்டார் சைக்கிளில் 40 பொதி கொண்டுபோய்க் கொடுத்துவர 600 ரூபாய் செலவானால் பொதிக்கு இன்னும் 15. ஆக 321. நாம் 300 க்கு விற்றுக்கொண்டிருந்தோம்.

விலையேற்றம் வருவதற்கு முன்பே நாங்கள் நட்டத்தில் இருந்தோம் என்பது இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் தெரிந்தது. வீட்டு ஆட்களின் கூலியை எழுதாதபடியால் நட்டம் கண்ணில் படவில்லை. "நாங்கள்தானே செய்கிறோம், எங்களுக்கு என்ன கூலி" என்று அக்கா கேட்டார். அவர் நாளைக்குக் காய்ச்சலில் படுத்தால் அந்த இடத்துக்கு வரும் ஆளுக்குக் கூலி கொடுக்க வேண்டும். அந்தத் தொகைதான் அவருடைய கூலி.

இந்தப் பக்கத்தால் இன்னொரு பயனும் உண்டு. எண்ணெய் 20 சதவீதம் ஏறினால் என்ன ஆகும் என்று உடனே பார்க்கலாம். 1,800 என்பது 2,160 ஆகும். 360 ரூபாயை 28 ஆல் பிரித்தால் பொதிக்கு 13 ரூபாய். பயத்தில் 50 ரூபாய் கூட்டி வாடிக்கையாளரை இழக்கவும் வேண்டாம், வெட்கத்தில் ஒன்றும் கூட்டாமல் இருக்கவும் வேண்டாம்.

கழிவையும் அளந்து எழுதுங்கள். தோலோடு வாங்கும் ஒரு கிலோ கச்சானில் பருப்பு 650 முதல் 700 கிராம்தான் தேறும். தோல் கச்சான் கிலோ 500 என்றால், 680 கிராம் தேறும் கணக்கில் ஒரு கிலோ பருப்பு 735 ரூபாயில் விழுகிறது, உடைக்கும் கூலி வேறு. உடைத்த பருப்பைக் கடையில் 800 க்குத் தருகிறார்களா? அப்படியானால் வீட்டில் உடைப்பதில் பெரிய ஆதாயம் இல்லை. 950 என்றால் உடைக்கத்தான் வேண்டும். செத்தல் மிளகாயும் அப்படித்தான். காம்பு கிள்ளி, மறுபடி வெயிலில் போட்டு, ஆலையில் அரைத்து வரும்போது 10 கிலோ 8.7 கிலோ ஆவதை நாங்களே நிறுத்துப் பார்த்தோம். அந்த 1.3 கிலோவின் விலையும் தூளின் தலையில்தான் விழும்.

இரண்டாம் படி: ஒவ்வொரு பொருளும் எந்த வழியாக வருகிறது என்று கேளுங்கள்

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நீங்கள் வாங்கும் பொருட்களை மூன்று பகுதியாகப் பிரித்து எழுதுங்கள். வன்னிக்குள் விளைவது ஒன்று. நாட்டுக்குள் வேறு இடத்திலிருந்து வருவது இரண்டு. கப்பலில் வருவது மூன்று.

மூன்றாவது பகுதியில் கோதுமை மா முதலில் வரும். இந்த நாட்டில் கோதுமை விளைவதில்லை, ஆகவே அதன் விலையில் டொலரும் கப்பல் கூலியும் ஊறிக் கிடக்கின்றன. பொதி செய்யும் பிளாஸ்ரிக் பையும் இதே இனம்தான். 2024 தை முதலாம் திகதியிலிருந்து 18 சதவீதமாக உயர்ந்த வற் (பெறுமதி சேர்) வரியை நீங்கள் நேரடியாகக் கட்டாவிட்டாலும், வாங்கும் பையிலும் மையிலும் அது ஒளிந்து வருகிறது. இந்தப் பகுதியில் உங்களுக்குப் பேரம் பேசும் பலம் இல்லை. ஆகவே இதிலுள்ள பொருட்களின் அளவைக் குறைப்பது ஒன்றுதான் வழி. நாங்கள் கோதுமை மாவில் செய்த இரண்டு பலகாரங்களை நிறுத்திவிட்டு அரிசிமா, உழுத்தம்மா, ஒடியல்மா (காயவைத்த பனங்கிழங்கு மா) பக்கம் திரும்பினோம். இங்குள்ள மண்ணில் விளைவதை வைத்துச் செய்வதுதான் எங்கள் பாட்டிமார் செய்தது. அதைப் பெருமையாகச் சொல்லவில்லை, அவர்களுக்கும் வேறு வழி இருக்கவில்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது பகுதியில் தேங்காய் இருக்கிறது. 2024 இறுதியிலும் 2025 தொடக்கத்திலும் ஒரு தேங்காய் 200 ரூபாய் வரை போனதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தேங்காய் எண்ணெயை நம்பியிருக்கும் ஒரு பொருளாவது உங்களிடம் இருந்தால், பொரிக்காத ஒரு பொருளையும் பக்கத்தில் வைத்திருங்கள். எங்களுக்கு எள்ளுருண்டையும் வறுத்த உழுத்தம்மாவும் அப்படித் துணைநின்றன.

முதலாம் பகுதிதான் நம்முடைய பலம். நெல், கச்சான், உழுந்து, பயறு, எள்ளு, பனங்கிழங்கு, கருவாடு. இவற்றில் எதையாவது மொத்தக் கடையில் பொதியாக வாங்குகிறீர்களா? அப்படியானால் இரண்டு லொறிக் கூலி கொடுக்கிறீர்கள். 2020 இல் உழுந்துக்கும் மஞ்சளுக்கும் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்து விலை எகிறியபோது, வவுனியா மாவட்டத்து விவசாயிகளிடம் நேரே உழுந்து வாங்கிக்கொண்டிருந்தவர்கள் தோசைக் கடையைப் பூட்டவில்லை. கொழும்பு விலையைப் பார்த்து விவசாயியும் கூட்டித்தான் கேட்டார், ஆனாலும் பொருள் கிடைத்தது. தட்டுப்பாட்டுக் காலத்தில் விலையைவிடப் பொருள் கிடைப்பதே பெரிய விடயம்.

மூன்றாம் படி: அறுவடையில் வாங்குங்கள், ஆனால் காயவைக்கத் தெரிந்தால் மட்டும்

காலபோக (மாரி நெல்) அறுவடை தையில் தொடங்கிப் பங்குனி வரை போகிறது. மேட்டுநிலக் கச்சானும் உழுந்தும் தை, மாசியில் கைக்கு வருகின்றன. சிறுபோக நெல் ஆவணி, புரட்டாதியில். விவசாயிக்குக் கடன் கட்ட வேண்டிய அவசரம் இருக்கும் இந்த வாரங்களில்தான் விலை கீழே இருக்கும். நெல்லுக்கு அரசாங்கம் சொல்லும் விலை ஓர் அளவுகோல். 2025 மாசியில் கிலோவுக்கு நாட்டு நெல் 120, சம்பா 125, கீரிச்சம்பா 132 ரூபாய் என்று அறிவித்தார்கள். அதைவிடக் குறைத்து வயல் வரம்பில் நின்று அடித்து வாங்குவது கெட்டித்தனம் என்று சிலர் நினைக்கிறார்கள். அடுத்த வருடம் அதே விவசாயி உங்களுக்கு ஒரு மூடையும் தரமாட்டார். ஆலைக்காரர் கொடுக்கும் விலையைவிட இரண்டு ரூபாய் கூட்டி, எடையில் ஏமாற்றாமல், கையில் காசாகக் கொடுங்கள். ஆலைக்காரர் காசு கொடுக்க எடுக்கும் நாட்களை நினைத்தால் அந்த இரண்டு ரூபாய்க்கே உங்களிடம் வருவார்கள்.

சிறுபோகத்தின் சேதியைச் சித்திரையிலேயே தெரிந்துகொள்ளலாம். இரணைமடுக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் எத்தனை ஏக்கருக்கு அனுமதி கொடுத்தார்கள் என்று விசாரியுங்கள். ஏக்கர் குறைந்த வருடம் அப்போதே கூடுதலாக வாங்கி வைத்தவருக்கு ஐப்பசியில் நிம்மதி.

வாங்கக் காசுக்கு எங்கே போவது? எங்கள் ஊரில் பதினொரு பெண்கள் சேர்ந்து சீட்டுப் பிடிக்கிறோம். முன்பு யாருக்கு எப்போது அவசரமோ அவர் எடுப்பார். இப்போது உணவுத் தொழில் செய்யும் மூவரும் தை, மாசி, பங்குனிச் சீட்டுகளைக் கேட்டு வாங்கிக்கொள்கிறோம். வட்டிக் கடையில் நகையை வைப்பதைவிட இது எத்தனையோ மடங்கு மேல். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் சுழற்சிக் கடன் கிடைத்தால் அதையும் இந்த மாதங்களுக்கே கேளுங்கள். நாள் வட்டிக்கும் வார வட்டிக்கும் நுண்கடன் எடுத்து மூலப்பொருள் வாங்க வேண்டாம். வாராவாரம் கட்ட வேண்டிய கடனும் ஆறு மாதம் கிடக்க வேண்டிய சரக்கும் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

காயவைத்தல் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் வருடம் 60 கிலோ கச்சானை நான் பூஞ்சணத்துக்குக் கொடுத்தவள். வாங்கி வந்த அன்றே உரப்பையில் கட்டி மூலையில் அடுக்கினேன். மூன்று வாரத்தில் பச்சைப் பொடி. கச்சானில் பிடிக்கும் அந்தப் பூஞ்சணம் அஃபிளாடொக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும், அது ஈரலைத் தாக்கும், வறுத்தாலும் முழுமையாகப் போகாது. பொறுக்கிவிட்டு மிச்சத்தை அல்வாவுக்குப் போடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அத்தனையையும் குழி வெட்டிப் புதைத்தேன்.

இப்போது செய்வது இதுதான். கச்சானைத் தோலோடுதான் வைப்போம், தேவைக்குத்தான் உடைப்போம். படங்கு விரித்து மெல்லிதாகப் பரப்பி, மாலையில் மூடி, காலையில் திறந்து, நான்கைந்து நல்ல வெயில் கொடுப்போம். காய்ந்ததா என்பதைக் காது சொல்லும், கோதைக் குலுக்கினால் பருப்பு கிலுகிலுக்க வேண்டும். கையால் தேய்த்தால் உள்தோல் உரிய வேண்டும். உழுந்துக்கும் பயறுக்கும் எதிரி வண்டு. பல்லில் கடித்தால் நசியாமல் படீரென்று உடையும் வரை காயவிட்டு, ஆறிய பிறகு, காற்றுப் புகாத மூடியுள்ள பீப்பாயில் முட்ட நிரப்புவோம். பீப்பாயில் இடைவெளி விட்டால் அது வண்டுக்கு வாடகை வீடு. சாக்குகளை நிலத்தில் வைக்கக் கூடாது, சுவரோடும் ஒட்டக் கூடாது. பலகை அல்லது பனங்குற்றிமேல் ஒரு சாண் உயரத்தில் வையுங்கள். மல்லி, மிளகாய், சீரகத்தை முழுதாகவே வைத்து இரண்டு கிழமைக்குத் தேவையானதை மட்டும் அரையுங்கள், தூளாக்கியது மணத்தை விரைவில் இழக்கும்.

எவ்வளவு வாங்குவது? இடமும் வெயிலும் பீப்பாயும் எவ்வளவுக்குப் போதுமோ அவ்வளவு. முதல் வருடம் மூன்று மாதத் தேவைக்கு மேல் போகாதீர்கள்.

மாரிக்கு மட்டும் தனியாக ஓர் ஏற்பாடு வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடு முழுவதும் வீதிகளையும் தண்டவாளங்களையும் உடைத்துப்போட்டதைப் பார்த்தோம். கார்த்திகை, மார்கழியில் பை, லேபிள், எண்ணெய், காஸ் ஆகியவற்றில் மூன்று கிழமைக்கான இருப்பு கையில் இருக்கட்டும்.

நான்காம் படி: அடுப்பு

இது சிறிய படிதான். வறுவலுக்கும் பாகு காய்ச்சவும் காஸ் வேண்டாம். நெல் ஆலைகளில் உமி மலையாகக் குவிந்து கிடக்கிறது, உமி அடுப்பு ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். பனை மட்டையும் பன்னாடையும் தேங்காய்ச் சிரட்டையும் அதற்குத் துணை. பொரியலுக்கு மட்டும் காஸ், ஏனென்றால் எண்ணெயின் சூடு ஏறி இறங்கினால் முறுக்கு எண்ணெய் குடிக்கும், காஸில் மிச்சம் பிடித்தது எண்ணெயில் போய்விடும். வேலைகளை ஒரே நாளில் சேர்த்து வையுங்கள். சூடேறிய உமி அடுப்பில் முதலில் பாகு, பிறகு வறுவல், தணலில் மாவைச் சூடாக்குதல். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தால் ஒவ்வொரு நாளும் அடுப்பைச் சூடாக்கவே விறகு போகும்.

பொரித்த எண்ணெயை நாள்கணக்கில் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதை மிச்சம் என்று எண்ணாதீர்கள். அந்த முறுக்கு பத்து நாளில் சிக்கு மணக்கும், திரும்பி வரும் பொதியின் நட்டம் எண்ணெய் விலையைவிடப் பெரிது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தாலும் முதலில் எட்டிப் பார்ப்பது அந்தச் சட்டிக்குள்தான்.

ஐந்தாம் படி: அனுப்பும் செலவு

இங்கேதான் வன்னிக்காரருக்கு அதிகம் வழிந்தோடுகிறது. கிளிநொச்சியிலிருந்து கொழும்பு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். யாழ்ப்பாணத்துப் போட்டியாளருக்கு அதைவிடத் தூரம் என்று ஆறுதல்படலாம், ஆனால் அவருக்குப் பெயர் இருக்கிறது.

முதலில் எடைப் படிகளைக் கவனியுங்கள். கூரியரிலும் தபாலிலும் குறித்த எடை வரை ஒரு கட்டணம், அதைத் தாண்டினால் அடுத்த கட்டணம். கூரியரில் அது பெரும்பாலும் ஒரு கிலோவுக்கு ஒரு படி. 1.1 கிலோ பொதி 2 கிலோவுக்குக் கட்டணம் கட்டும். பெட்டி, ஒட்டுநாடா, உள்ளே திணிக்கும் காகிதம் எல்லாம் சேர்த்து 950 கிராமில் நிற்கும்படி ஒரு கட்டு அமைத்து, அதையே ஒரு விற்பனைப் பொருளாக்குங்கள். நாங்கள் கறித்தூள் 400, உழுத்தம்மா 250, எள்ளுருண்டை 200 கிராம் என்று ஒரு வீட்டுக் கட்டு போட்டோம். பெட்டியோடு நிறுத்தால் 950 க்குள் அடங்கியது. வாங்குபவருக்கும் இலகு, எங்களுக்கும் கட்டணம் தெரிந்தது.

இரண்டாவது, இடத்தின் எடை. விமானத்தில் அனுப்பும் நிறுவனங்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5,000 ஆல் பிரிப்பது வழக்கம். வரும் எண் உண்மை எடையைவிடக் கூடுதலாக இருந்தால் அதற்குத்தான் காசு. 40 க்கு 30 க்கு 30 பெட்டி 36,000. பிரித்தால் 7.2 கிலோ. அதற்குள் முறுக்கு நான்கு கிலோகூடப் பிடிக்காது, மிச்சம் முழுவதும் காற்று. ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் காற்றை அனுப்பி எவரும் முன்னேறியதில்லை. அதே பெட்டியில் கறித்தூளோ ஒடியல்மாவோ அடுக்கினால் இடம் வீணாகாது. புலம்பெயர்ந்த உறவுகள் கேட்பது எல்லாவற்றையும் அனுப்ப வேண்டும் என்றில்லை. "தங்கச்சி, முறுக்கு அனுப்ப மாட்டீர்களா" என்று கேட்டால், அனுப்பும் செலவை முறுக்கின் விலையோடு சேர்க்காமல் தனியாக எழுதிக் காட்டுங்கள், அவர்களே கறித்தூளுக்கு மாறிவிடுவார்கள்.

கப்பலில் அனுப்பலாம்தான். ஆனால் 2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியபின் ஐரோப்பாவுக்குப் போகும் கப்பல்கள் ஆபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின. கூலியும் ஏறியது, நாட்களும் ஏறின. எண்ணெயில் பொரித்த பொருளுக்கு இரண்டு மாதம் என்றால், கடலிலேயே அதன் ஆயுள் தீர்ந்துவிடும். கப்பலுக்கு மா, தூள், வற்றல் இனங்கள் மட்டும் என்று ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள்.

உள்நாட்டுக்கு வருவோம். தெற்கிலிருந்து கிளிநொச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பொருள் கொண்டுவரும் லொறிகள் எல்லாம் நிறைந்து திரும்புவதில்லை. திரும்பும் லொறியின் மூலையில் பத்துப் பெட்டி ஏற்றச் சாரதிக்குக் கொடுக்கும் தொகை, தனியே ஒரு பட்டா வாகனம் (சிறு லொறி) பிடிப்பதோடு ஒப்பிட்டால் அற்பம். அதற்கு இரண்டு நிபந்தனைகள். எந்தக் கிழமை எந்த லொறி என்று ஒரே ஆளோடு பழக்கம் வைத்திருக்க வேண்டும். மீன், உரம், மண்ணெண்ணெய் ஏற்றிய லொறியில் ஏற்றக் கூடாது. ஒரு முறை என் அரிசிமா கருவாட்டு வாசத்தோடு வவுனியாவில் இறங்கியது.

2013 இல் கிளிநொச்சிக்குப் புகையிரதம் திரும்பி வந்தது. பாரமான பொதிகளுக்கு அதன் பார்சல் சேவையை விசாரித்துப் பாருங்கள், ஆனால் நிலையத்தில் கொடுக்கவும் கொழும்பில் எடுக்கவும் ஆள் வேண்டும். அந்த ஆட்களின் முச்சக்கரவண்டிச் செலவையும் சேர்த்தே ஒப்பிடுங்கள். இரவு பஸ்ஸில் நடத்துநரிடம் கொடுத்து அனுப்புவது எல்லோரும் செய்வது. விரைவு, மலிவு, தொலைந்தால் கேட்பதற்கு ஒரு துண்டும் இல்லை. சிறு பெறுமதிக்கு மட்டும் அது.

கிராமத்துக் கடைகளுக்குக் கொண்டுபோவதில் நாங்கள் செய்த ஒரே மாற்றம் நாளை நிர்ணயித்தது. முன்பு யார் அழைத்தாலும் மோட்டார் சைக்கிளை உதைப்போம். இப்போது பரந்தன், விசுவமடு, புதுக்குடியிருப்பு வழி செவ்வாய், மாங்குளம் வழி வெள்ளி. 20 பொதிக்குக் குறைவான கடைக்கு இறக்குவதில்லை, அடுத்த சுற்றில் வாங்கச் சொல்வோம். இரண்டு கடைகள் கோபித்துக்கொண்டன. பெற்றோல் செலவு பாதியாகியது.

எரிபொருள் விலை வழக்கமாக மாத முடிவில் மாறுகிறது. ஆகவே கொண்டுசேர்க்கும் கட்டணத்தை மாத முதலாம் திகதி மட்டும் பார்த்து மாற்றுங்கள். நடுமாதத்தில் தொடாதீர்கள்.

ஆறாம் படி: விலையைக் கூட்டுதல்

இவ்வளவும் செய்த பிறகு கூட்ட வேண்டி வந்தால் கூட்டத்தான் வேண்டும். எங்கள் மூத்த கடைக்காரர் ஒருவர், "பிள்ளை, விலையைக் கூட்டினால் சனம் வாங்காது, பொதியில் இரண்டு முறுக்கைக் குறைத்துவிடு" என்றார். பொதியில் 200 கிராம் என்று அச்சடித்துவிட்டு 180 போடுவது சட்டப்படி குற்றம், ஊரில் அதைவிடப் பெரிய குற்றம். எடையைக் குறைக்கலாம், ஆனால் லேபிளையும் மாற்றி, கடைக்காரரிடமும் சொல்லிக் குறைக்க வேண்டும். அதிகபட்சச் சில்லறை விலை அச்சடித்த பழைய பொதிகளில் மேலே புதுவிலை ஒட்டி விற்பதும் கூடாது. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் ஆட்கள் சந்தையில் தேடுவது இதைத்தான். பழைய லேபிள் தீரும்வரை பழைய விலை, புது லேபிளில் புது விலை. இதனால்தான் லேபிளை ஆயிரக்கணக்கில் மொத்தமாக அடிக்காமல் மூன்று மாதத்துக்கு அடிக்கிறேன், ஒன்றுக்குச் சதக்கணக்கில் கூடினாலும் பரவாயில்லை.

கடைகளுக்கு இரண்டு கிழமை முன்பே சொல்லுங்கள். என்ன காரணம் என்று ஒரு வரியில் சொல்லுங்கள்: உழுந்து இவ்வளவு ஏறியது, பொதிக்கு 20 ரூபாய் கூடுகிறது. கதை வேண்டாம். பாடசாலைப் பிள்ளைகள் வாங்கும் சிறு பொதியை மட்டும் கடைசிவரை பழைய விலையில் வைத்திருந்து, எடையைக் குறைத்து லேபிளை மாற்றினோம். ஐம்பது ரூபாய்த் தாளோடு வரும் பிள்ளைக்கு அறுபது ரூபாய்ப் பொதி பொதியே அல்ல. பெரிய பொதி வாங்கும் வீடுகளும் கொண்டாட்டக்காரரும் விலையைக் கூர்ந்து பார்ப்பதில்லை, அங்கே கூட்டுங்கள்.

உழுந்து விலை இறங்கினால் நீங்களும் இறக்குவீர்களா? நான் ஒரு தடவை பத்து ரூபாய் இறக்கினேன். அடுத்த முறை கூட்டியபோது யாரும் வாய் திறக்கவில்லை.

ஏழாம் படி: கடன் கொப்பி

விலை ஏறும் காலத்தில் 45 நாள் கடன் என்பது கடைக்காரருக்கு நீங்கள் கொடுக்கும் அன்பளிப்பு. அவர் காசு தரும்போது அதே காசுக்கு அதே உழுந்தை வாங்க முடியாது. 2022 இல் எங்களைக் கிட்டத்தட்ட வீழ்த்தியது காஸ் விலையல்ல, ஒன்பது கடைகளில் நின்ற 87,000 ரூபாய். கடைசியில் வந்தபோது அதன் வாங்கும் வலு பாதிதான்.

பழைய பாக்கியைப் புது விநியோகத்தோடு இணைத்துவிடுங்கள்: போன சுற்றின் காசு தந்தால் இந்தச் சுற்றின் சரக்கு. கையில் காசு தருபவருக்குப் பொதிக்கு ஐந்து ரூபாய் கழிவு. உறவுக்காரர் கடை என்றால் இன்னும் கண்டிப்பாக இருங்கள். சொல்வது சுலபம், என் சொந்தச் சித்தப்பாவின் கடைக்கு நான் ஏழு மாதம் போகவில்லை.

எதை நிறுத்துவது

கடைசியாகக் கொப்பியைத் திறந்து ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில், ஒரு மணிநேர வேலைக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்று எழுதிப் பாருங்கள். எங்களிடம் ஒன்பது பொருட்கள் இருந்தன. அதிகம் விற்ற மிக்சர் கடைசி இடத்தில் இருந்தது. அதில் போடும் ஏழு பொருட்களில் ஐந்து வெளியிலிருந்து வந்தவை. பெயர் பெற்றுத் தந்த பொருளை நிறுத்த மனம் வராமல் எட்டு மாதம் இழுத்தோம், பிறகு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்பதிவுக்கு மட்டும் என்று ஆக்கினோம். இப்போது ஐந்து பொருட்கள். முதலிடத்தில் இருப்பது யாரும் கவனிக்காத வறுத்த உழுத்தம்மா. பொரியல் இல்லை, உடைவதில்லை, பெட்டியில் காற்றில்லை, உழுந்து நெடுங்கேணியிலிருந்து வருகிறது.

தை பிறந்ததும் கச்சானுக்குப் போக வேண்டும். படங்கு கிழிந்திருக்கிறது, சீட்டு மாசியில்தான் கைக்கு வருகிறது, ஆகவே முதல் நான்கு மூடைக்கு முற்பணம் கொடுத்துவிட்டு மிச்சத்தை மாசி நடுவில் எடுப்பதாகப் பேசியிருக்கிறேன். எடை போடும்போது தராசை நானே கொண்டுபோவேன்.